கிண்டியின் முப்புரியும் மூன்று மணித் துணுக்கும்

ஈக்காட்டுத்தாங்கலை அடுத்த கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952-இல் பொறுப்பேற்ற ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் அறிவித்து, அம்மூன்றும் கயிறு போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதாக மறு ஆண்டே தம் மாதிரியைத் திருத்தினார். இழைகள் நெருங்கி அமையும் உட்புறத்தில் பெரிய அமினோ அமிலத்துக்கு இடமில்லை. எனவேதான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறியதான கிளைசின் அமர்ந்திருக்கிறது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த முழு இழையை அணு அணுவாக ஆராய்வது கடினம் என்பதால், அதன் சிறு பகுதியைப் போன்ற துணுக்குகளை, அதாவது பெப்டைடுகளை, ஆய்வகத்தில் செயற்கையாகக் கோக்கும் வழி தேவைப்பட்டது. பிசின் மணியில் முதல் அமிலத்தைப் பிணைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் முறையை அமெரிக்க வேதியியலாளர் மெரிஃபீல்டு 1963-இல் வெளியிட்டார். அத்தகைய துணுக்கொன்றின் படிகத்தை 1994-இல் ஆராய்ந்த பெல்லா, பிராட்ஸ்கி, பெர்மன் குழுவினர், கிண்டியில் ஊகித்த முறுக்கை நேரில் கண்டதோடு, கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் சற்றே பெரிய அலனின் வந்தால் அங்கே முறுக்கு தளர்வதையும் கண்டனர். எலும்புகள் எளிதில் நொறுங்கும் பரம்பரை நோயில் பெரும்பாலும் நிகழ்வது இத்தகைய மாற்றீடே.

கொலாஜன் நிலையான தூணன்று. காயம் ஆறும்போது பழைய இழைகளை நொதிகள் அறுக்க, ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் புதியவற்றை நெய்கின்றன; இதுவே திசு மறுசீரமைப்பு. இங்கே துணுக்குகள் செய்தி சொல்பவையாகவும் இருக்கலாம். மனித இரத்தத்திலிருந்து பிரித்து லோரன் பிக்கார்ட் 1973-இல் அறிவித்த, கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்றே அமினோ அமில மணிகள் கொண்ட பெப்டைடு செம்பைப் பற்றிக்கொள்ளும். அந்தச் செம்புச் சேர்மம் ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் கூடுதல் கொலாஜன் செய்யத் தூண்டுவதை 1988-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டனர். அதே மூன்று மணி வரிசை கொலாஜன் இழையொன்றிலும் இருப்பதால், அறுபட்ட இழையே புதிய நெசவுக்கு ஆணையிடுகிறதோ என்ற கருதுகோள் பிறந்தது. அழகானதுதான், ஆனால் கருதுகோள். இத்துணுக்கைச் சேர்த்த முகப்பூச்சுகளின் விளம்பரங்களோ அதைத் தீர்ப்பாகவே கொள்கின்றன. ஆய்வகக் கிண்ணத்தில் வளரும் செல்லைத் துணுக்கு நேரே தொடுகிறது. தோலிலோ, நீரில் கரையும் இத்தகைய துணுக்கு கொழுப்பு நிறைந்த மேலடுக்கைக் கடந்து, புரதம் அறுக்கும் நொதிகளுக்குத் தப்பி, அதன்பின்பே ஃபைப்ரோபிளாஸ்ட் இருக்கும் ஆழத்தை அடைய வேண்டியிருக்கிறது.