ஹீரோ இறந்த பிறகும் படம் ரிலீஸ் ஆவது எப்படி? காரைக்குடிக்காரர் போட்ட அஸ்திவாரம்!

2022 மார்ச் 17. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமாரின் பிறந்தநாள். அன்றைக்குத்தான் அவருடைய 'ஜேம்ஸ்' படம் ரிலீஸ். ஆனால் புனீத் இல்லை. 2021 அக்டோபர் 29-ம் தேதி மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 46தான். திரையில் சண்டை போட்டது அவர், பேசிய குரல் அவருடையது இல்லை. டப்பிங் முடியும் முன்பே அவர் போய்விட்டதால், அண்ணன் சிவராஜ்குமார் தம்பிக்காகப் பேசினார். தம்பியின் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து அண்ணன் பேசுவது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்படிப் பாதியில் நிற்கும் படங்களை எப்படி முடிக்கிறார்கள்? அதற்கு முன், சினிமாவில் ஒரு நடிகர் மொத்தமாக ஒரே நாளில் பதிவாவதில்லை என்பதைத் தெரிஞ்சுக்கணும். க்ளைமாக்ஸை முதலில் எடுப்பார்கள். அறிமுகக் காட்சியைக் கடைசியில் எடுப்பார்கள். முகம் ஒரு நாள், முதுகு இன்னொரு நாள் (பல நேரம் அந்த முதுகே டூப்புடையது). குரல் எல்லாவற்றுக்கும் பிறகு. அதனால்தான் ஷூட்டிங் முடிந்திருந்தாலும் டப்பிங் முடியாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

இந்த முகம் வேறு, குரல் வேறு என்ற பிரிவினையில் நம்ம காரைக்குடிக்குப் பெரிய பங்கு உண்டு. காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் தயாரித்த 'நந்தகுமார்' (1938) படத்தில், நடித்தவரின் குரல் சரியாக அமையவில்லை என்று லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்து அந்த நடிகைக்குப் பொருத்தினார்கள். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கம் என்று சொல்லப்படுவது இதுதான். அடுத்து, கன்னட 'ஹரிச்சந்திரா'வை அவர் தமிழில் டப்பிங் செய்து 1944-ல் வெளியிட்டார். இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்ற பெயர் அதற்கு உண்டு. காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். ஸ்டூடியோ நடந்ததும், 'நாம் இருவர்' (1947) அங்கே உருவானதும் உங்க வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் குரல் என்பதை ரசிகர்கள் அன்றைக்கே ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், ஜேம்ஸ் போன்ற படங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

சரி, குரல் மட்டும் குறைந்தால் ஆள் பிடிக்கலாம். நடிப்பே பாக்கி இருந்தால்?

அப்போ தயாரிப்பாளர் முன்னால் இருக்கும் முதல் கேள்வி, ஏற்கெனவே போட்ட பணம். சினிமாவில் பெரும்பாலும் கடன் பணம்தான் புரளும், படம் நின்றாலும் வட்டி நிற்காது. வட்டியைப் பற்றிச் செட்டிநாட்டில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

1993 ஏப்ரலில் 19 வயதில் திவ்யா பாரதி இறந்தபோது, 'லாட்லா' இந்திப் படம் கணிசமாக எடுக்கப்பட்டிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு ஸ்ரீதேவியை வைத்து மறுபடி எடுத்தார்கள். இதற்கு நேரெதிர் 'சர்மாஜி நம்கீன்'. ரிஷி கபூர் 2020 ஏப்ரலில் இறந்த பிறகு, அவர் நடித்த காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டு, மீதிக் காட்சிகளில் அதே கேரக்டராக பரேஷ் ராவல் நடித்தார். ஒரே ஆள், ஒரு சீனில் ரிஷி கபூர், அடுத்த சீனில் பரேஷ் ராவல். எதையும் மறைக்கவில்லை. எனக்கு இருப்பதிலேயே மரியாதையான வழியாகத் தெரிவது இதுதான்.

தமிழிலேயே ஒரு வித்தியாசமான உதாரணம் இருக்கு. ஸ்ரீதர் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த 'அண்ணா நீ என் தெய்வம்', அவர் 1977-ல் முதல்வரானதால் பாதியில் நின்றது. 1987 டிசம்பரில் அவர் மறைந்தார். அந்தக் காட்சிகளை எடுத்து, சுற்றிலும் புதுக்கதை கட்டி, 1990-ல் 'அவசர போலீஸ் 100' என்று ரிலீஸ் செய்தார் பாக்யராஜ்.

மோசமான உதாரணமும் உண்டு. புரூஸ் லீ 1973-ல் இறந்தார். அவர் கொஞ்சம் எடுத்து வைத்திருந்த 'கேம் ஆஃப் டெத்' 1978-ல் கதையையே மாற்றி, டூப்புகளை வைத்து வெளிவந்தது. ஒரு ஷாட்டில் கண்ணாடியில் அவர் முக அட்டையை ஒட்டி ஒப்பேற்றியிருப்பார்கள். சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனால் அவருடைய உண்மையான இறுதிச்சடங்குக் காட்சியையே படத்தில் சேர்த்திருந்தார்கள். அதைச் சிரிச்சுட்டு விட முடியல.

இதற்கெல்லாம் தேவையே இல்லாமல், வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர் பி.யு.சின்னப்பா 1951 செப்டம்பரில் இறந்தார், 'சுதர்ஸன்' அந்த வருடக் கடைசியில் வந்தது. 1980 மே மாதம் 17 வயதில் ஷோபா இறந்தார், பாலுமகேந்திராவின் 'மூடுபனி' அதே வருடம் நவம்பரில் வந்தது. ரகுவரன் 2008 மார்ச் 19-ல் மறைந்தார், 'யாரடி நீ மோகினி' இரண்டே வாரத்தில் தியேட்டருக்கு வந்தது.

காரைக்குடி பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனையும் இந்த வரிசையில் சேர்க்கணும். அவர் நடிகராக இல்லாவிட்டால் என்ன, ஸ்டார்தானே! 1981 அக்டோபர் 17-ல் சிகாகோவில் இறந்தார். 1982 பிப்ரவரியில் 'மூன்றாம் பிறை' ரிலீஸ். அதில் யேசுதாஸ் பாடிய தாலாட்டுதான் அவருடைய கடைசிப் பாட்டு என்பார்கள். இன்னிக்கு உங்க பிளேலிஸ்ட்டிலும் அது இருக்கும்.

இப்போ நிலைமை வேறு

2013 நவம்பரில் பால் வாக்கர் கார் விபத்தில் இறந்தபோது 'ஃபியூரியஸ் 7' பாதியில் இருந்தது. அவருடைய தம்பிகள் இருவரை நிற்க வைத்து, மேலே அவர் முகத்தை சி.ஜி.யில் பொருத்தி முடித்தார்கள். அதற்குப் பெரிய ஹாலிவுட் பட்ஜெட் தேவைப்பட்டது. இப்போது ஏ.ஐ. அந்தச் செலவை மளமளவெனக் குறைக்கிறது. ஜேம்ஸ் ரிலீஸாகிச் சில வாரங்களிலேயே, தொழில்நுட்ப உதவியோடு புனீத்தின் குரலையே உருவாக்கிச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2'-ல் விவேக், நெடுமுடி வேணு, மனோபாலா, மாரிமுத்து என நான்கு பேர் படம் வரும்போது உயிரோடு இல்லை. விட்டுப்போன இடங்களில் கம்ப்யூட்டர் கைகொடுத்தது.

அதே வருடம் 'லால் சலாம்' படத்தில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலம் பாட வைத்தார் ஏ.ஆர்.ரஹ்மான். 'கோட்' படத்தில் பவதாரிணி குரலும் விஜயகாந்த் முகமும் அப்படித்தான் வந்தன. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. புனீத் அந்தப் படத்தில் நடிக்கச் சம்மதித்தவர், பாக்கியை மற்றவர்கள் முடித்தார்கள். சாகுல் ஹமீது 1990-களிலேயே இறந்தவர். 'லால் சலாம்' என்றொரு படம் வரும் என்பதே அவருக்குத் தெரியாது.

அப்போ, சரின்னு சொல்ல வேண்டியது யார்?

குடும்பம் என்பீர்கள். ரஹ்மானும் அதைத்தான் செய்தார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே சொன்னார். விஜயகாந்த் விஷயத்திலும் குடும்பத்திடம் கேட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் கேட்டே ஆகவேண்டும் என்று நம்ம நாட்டில் தெளிவான தனிச்சட்டம் இல்லை. உயிரோடு இருப்பவருக்கு நீதிமன்றம் துணை நிற்கிறது. தன் பெயரையும் பாணியையும் ஒரு இந்திப் படம் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினி போட்ட வழக்கில், 2015-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இறந்தவருக்கு? சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை, மகன் வாழ்க்கையை வைத்து எடுத்த படத்துக்குத் தடை கேட்டபோது, 2023-ல் டெல்லி உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த உரிமைகள் அவரோடே முடிந்துவிட்டன, வாரிசுக்குப் போகாது என்பது நீதிபதி சொன்ன காரணம்.

அமெரிக்காவில் 2023-ல் நடிகர் சங்கம் 118 நாள் ஸ்டிரைக் செய்து வாங்கியவற்றில் ஒன்று, இறந்த நடிகரின் டிஜிட்டல் உருவத்தைப் பயன்படுத்தும் முன் ஒப்புதல் வேண்டும் என்பது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. இங்கே டைரக்டரின் நல்ல மனசை நம்பி ஓடுகிறது. ரஹ்மானிடம் ரசிகர்கள் கேட்டார்கள், அவரும் பதில் சொன்னார். விஜயகாந்த்துக்கு ஒரு கட்சியே இருக்கிறது. நாலு சீனில் வந்துபோகும் துணை நடிகருக்கும், நாள் சம்பளத்துக்குக் கோரஸ் பாடும் பெண்ணுக்கும் இதெல்லாம் எதுவும் இல்லை. அவர்கள் குரலும் முகமும் ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது.