வீடு கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி

கட்டடக் கலை என்றதும் மாளிகைகளும் நட்சத்திர விடுதிகளும் வானளாவிய கோபுரங்களுமே எமது மனக்கண்முன் தோன்றுகின்றன. அது வசதி படைத்தோரின் விவகாரம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் தவறானது என்பதை எடுத்துக்காட்டும் சான்று நம் நாட்டிலேயே, அம்பாந்தோட்டை மாவட்டத்தில் திஸ்ஸமஹாராமவை அண்டிய கிரிந்த என்னும் கரையோரக் கிராமத்தில் உள்ளது.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை முஸ்லிம் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்த இக்கிராமத்தையும் சின்னாபின்னமாக்கியது. அதன் மீள்நிர்மாணத்துக்கு வடிவமைப்பாளராக வந்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான். 1995இல் கோபே நகரைப் பூகம்பம் தாக்கியபோது கடதாசிக் குழாய்களைக் கொண்டு வீடிழந்தோருக்குத் தற்காலிக இல்லங்கள் அமைத்துக் கொடுத்தவர் அவர். 2014இல் கட்டடக் கலைக்கான உலகின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கிரிந்தயில் அவர் கடதாசியைப் பயன்படுத்தவில்லை. மண்ணுடன் சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்தி உருவாக்கப்படும் கற்களே சுவர்களாயின. ஒன்றோடொன்று பொருந்தும் வடிவில் அமையும் இக்கற்களை அடுக்குவதற்குப் பெரிய தேர்ச்சி தேவையில்லை. சூளையில் சுடப்படாதவை ஆகையால் விறகும் மிஞ்சுகிறது. மண்சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடுவதுமில்லை. உள் தடுப்புகளுக்கும் பொருத்துகளுக்கும் உள்நாட்டு இறப்பர் மரம் பயன்பட்டது. பணமும் வேலையும் அப்பிரதேசத்துக்குள்ளேயே சுழல வேண்டும் என்பதும் இத்தெரிவுகளின் நோக்கமாக இருந்தது.

எனினும், இத்திட்டத்தின் உண்மையான சிறப்பு கல்லிலும் மரத்திலும் இல்லை. குடியிருக்கப் போகும் மக்களிடமே முதலில் கருத்துக் கேட்கப்பட்டது. சமையலறையும் குளியலறையும் வசிப்பிடத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என அவர்கள் விரும்பினர். அவை வீட்டுக்குள்ளேயே அமைய வேண்டும் என்பது அரசாங்கத்தின் கோரிக்கையாக இருந்தது. ஒரே கூரையின் கீழ் நடுவே ஒரு முற்றத்தை அமைத்து, ஒருபுறம் வசிப்பிடத்தையும் மறுபுறம் சமையலறை, குளியலறை ஆகியவற்றையும் வைத்ததன் மூலம் இரு தரப்பினரது தேவையும் நிறைவு செய்யப்பட்டது. அந்த முற்றமே விருந்தினரை வரவேற்கும் இடமுமாயிற்று. அந்நியர் வருகையின்போது பெண்கள் தமது தனிமையைப் பேணி உள்ளே சென்றுவிடவும் அது வழிவகுத்தது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தை அறிந்தவர்களுக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

முஸ்லிம் சமூகங்களின் வாழ்வுடன் தொடர்புடைய கட்டடங்களை ஊக்குவிக்கவென 1977இல் ஆரம்பிக்கப்பட்ட ஆகா கான் கட்டடக் கலை விருதுக்கான 2013ஆம் ஆண்டின் தெரிவுப் பட்டியலில் கிரிந்த வீடுகளும் இடம்பிடித்தன. ஓர் எளிய மீனவரின் வீடு உலகக் கட்டடக் கலையின் கவனத்துக்கு வந்தது சிறிய விடயமன்று.

இதற்கு நேர்மாறான அனுபவமும் நமக்குண்டு. யுத்தத்தால் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கென 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் யோசனை 2015, 2016ஆம் ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டது. வெப்பம், விறகடுப்புச் சமையல், நீடித்த உழைப்பு, செலவு ஆகியவை குறித்துக் கேள்விகள் எழுந்தன. வீடு தேவைப்பட்டோரிடம் எத்தகைய வீடு வேண்டும் என்று முதலில் கேட்கப்பட்டிருந்தால் அச்சர்ச்சையில் கழிந்த காலம் வீணாகியிராது. மறுபுறம், பணத்தைத் தவணைகளாக வழங்கிப் பயனாளிகளையே கட்டவிட்ட திட்டங்களில் மக்களுக்குச் சுதந்திரம் கிடைத்தபோதிலும், பல குடும்பங்கள் கடனாளிகளாயின. மக்களின் விருப்பத்துடன் தொழில்நுட்ப ஆலோசனையும் செலவுக் கட்டுப்பாடும் இணைய வேண்டும் என்பதே இவ்விரண்டும் உணர்த்தும் பாடமாகும்.

இப்பாடம் இன்று மிக அவசியமானது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது ஏற்பட்ட வெள்ளமும் மண்சரிவும் மலையகத்திலும் ஏனைய மாவட்டங்களிலும் பெருந்தொகையானோரை வீடற்றவர்களாக்கின. தலைமுறை தலைமுறையாக லயன் அறைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளருக்கும், ஆற்றங்கரைகளில் வாழ்ந்த தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்களுக்கும் ஒரே அச்சில் வார்த்த வீடுகளைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. மலைச்சரிவின் வீடும் கடற்கரையின் வீடும் ஒன்றல்ல. மழைக்குளிரில் அடுப்பை எங்கு மூட்டுவது, முதியவர் எங்கு படுப்பது, பெண்பிள்ளைகள் எங்கு உடைமாற்றுவது என்பவையெல்லாம் வரைபடத்தில் இடம்பெற வேண்டிய விடயங்களாகும்.

எத்தனை வீடுகள் என்ற கணக்கையே அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் அறிக்கைகளில் வெளியிடுகின்றனர். அடிக்கல் நாட்டு விழாக்களுக்கும் குறைவில்லை. அவற்றுக்கு முன்னதாக, குடியிருக்கப் போகிறவர்களை அழைத்து, குறிப்பாகப் பெண்களை அழைத்து, ஒரு வெற்றுத்தாளை அவர்கள் முன் விரித்துப் பேச வேண்டும். நமது பல்கலைக்கழகங்களில் கட்டடக் கலை பயிலும் மாணவர்களை இப்பணியில் ஈடுபடுத்தினால் செலவு பெரிதாக அதிகரிக்கப் போவதில்லை. மக்களின் குரலைக் கேட்டுக் கட்டப்படும் வீடே நிலைக்கும் என்பதைச் சம்பந்தப்பட்டோர் கவனத்திற்கொள்வார்களா?