வீட்டுக்கு முதல் பட்டதாரி!

கல்லூரி திறக்கும் நாள். வாசலில் ஒரே கூட்டம்.

மரத்தடியில் ஒரு தந்தையும் மகனும் நிற்கிறார்கள். தந்தையின் கையில் மஞ்சள் பை. அதற்குள் மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் பத்திரமாக இருக்கின்றன. மகன் படிவத்தை நிரப்புகிறான். "பெற்றோரின் படிப்பு" என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. தந்தை 5-ம் வகுப்பு. தாய் பள்ளிக்கூடம் போனதே இல்லை!

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் காணும் காட்சிதான் இது. 2021-22-ம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 18 முதல் 23 வயது வரை உள்ளவர்கள் 100 பேர் என்றால், அதற்கு 47 பேர் என்ற அளவில் இங்கே உயர்கல்வியில் சேர்ந்திருந்தார்கள். இந்தியா முழுவதற்கும் இது 28 தான்.

இரண்டு கனவுகள்

"மூன்றே வருஷம். பையன் வேலைக்குப் போவான். கடன் அடையும். தங்கச்சியும் படிப்பாள்." இது தந்தையின் கனவு.

"பள்ளிக்கூடம் போலவே வாத்தியார் பாடத்தை எழுதிப் போடுவார். படித்துவிடலாம்." இது மகனின் நினைப்பு.

முதல் இடறல்

நேற்று வரை தமிழில் படித்தவன். இன்று பாடம் இங்கிலீஷில் ஓடுகிறது. புரியவில்லை. கேட்டால் பிறர் சிரிப்பார்களோ என்று பயம். வீட்டுக் கஷ்டத்துக்காக இரவில் கடையில் வேலை செய்கிறான். காலையில் வகுப்புக்குப் போக முடிவதில்லை. 100 நாளுக்கு 75 நாளாவது வந்திருந்தால்தான் பரீட்சை எழுதலாம் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதி.

முதல் பரீட்சையில் ஒரு பாடம் போய்விடுகிறது. வீட்டில் சொல்லாமல் மறைக்கிறான். "எனக்குப் படிப்பு ஏறாது" என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். பலர் படிப்பை விடுவது இந்த இடத்தில்தான்.

தம்பி, தங்கைகளே! உங்களுக்குப் படிப்பு வராமல் இல்லை. பாஷைதான் புதிது. போன பாடத்தை மறுபடி எழுதலாம். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரைத் தேடிப்போய்க் கேளுங்கள். கேட்பது வெட்கம் அல்ல.

உதவிகளும் உண்டு

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. குடும்பத்தில் பட்டதாரியே இல்லை என்றால், "முதல் பட்டதாரி" சான்றிதழைக் காட்டித் தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை பெறும் வழியும் ஏற்பட்டது. இப்போது உங்களுக்கு என்னென்ன கிடைக்கும் என்று சேரும் நாளிலேயே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"பாஸா, பெயிலா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்றைக்கு என்ன பாடம்? புரிந்ததா?" என்று தினமும் கேளுங்கள். பாடம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்க ஆள் இருக்கிறது என்ற தைரியம் பிள்ளைக்கு வரும்.

மரத்தடியில் நின்ற அந்தப் பையன் படிப்பை முடித்துவிட்டால் போதும். நாளைக்கு அவன் பிள்ளை நிரப்பும் படிவத்தில், அந்த இடத்தில் பேனா நிற்காது!