அடிபம்பும் இரும்பு வளையமும்

ஒரு மர மேசை, அதோடு பிணைத்த இரண்டு பெஞ்சுகள், நெருப்பு மூட்டத் தரையில் பதித்த இரும்பு வளையம், எண் எழுதிய ஒரு கட்டை, கூடாரம் அடிக்கச் சமன்படுத்திய ஒரு துண்டு நிலம். அமெரிக்கத் தேசிய வனத்தின் ‘ரஸ்டிக்’ வகை முகாமுக்குப் போகும் குடும்பத்துக்குக் கிடைப்பது இவ்வளவுதான். முகாம் முழுவதற்கும் பொதுவாக ஓர் அடிபம்பு இருக்கும். சற்றுத் தள்ளி ஒரு கழிப்பறை. மின்சாரம் கிடையாது, வெந்நீர்க் குளியல் கிடையாது. இரவில் வெளிச்சம் வேண்டுமானால் கையோடு எடுத்துப் போன விளக்குதான். மிச்சிகன் மாநிலத்தில் இந்தச் சொல் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. அடிபம்பும் குழிக் கழிப்பறையும் உள்ள முகாம் ‘ரஸ்டிக்’; மின் இணைப்பும் குளியலறையும் வந்துவிட்டால் அது ‘மாடர்ன்’.

தேசிய வனமும் தேசியப் பூங்காவும் ஒன்றல்ல. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். பூங்கா என்பது ஓர் இயற்கைக் காட்சியை அப்படியே காத்து வைக்கும் இடம். வனம் உழைக்கும் நிலம். அங்கே மரம் வெட்டுவார்கள், மாடு மேய்ப்பார்கள், வேட்டைக்கும் பருவத்தில் அனுமதி உண்டு, ஊர்களுக்கான நீர்ப்பிடிப்பும் அதுவே. 1960இல் வந்த ஒரு சட்டம் இந்தப் பயன்களின் வரிசையில் மக்களின் வெளிப்புறப் பொழுதுபோக்கையும் சேர்த்தது. விவசாயத் துறையின் கீழ் 1905இல் தொடங்கப்பட்ட வனச் சேவை அமைப்பு 154 தேசிய வனங்களைப் பார்த்துக்கொள்கிறது. புல்வெளிகளையும் சேர்த்தால் அதன் பொறுப்பில் உள்ள நிலம் சுமார் 19 கோடியே 30 லட்சம் ஏக்கர்.

மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் ஹ்யூரான்–மானிஸ்டீ வனம் இருக்கிறது. ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர். வாக்னர் ஏரி, நெஃப் ஏரி போன்ற சிறு முகாம்கள் இதற்குள்தான் வருகின்றன. இங்கே கூடாரம் அடிப்பவர் தலைக்கு மேலே பார்க்கும் மரங்கள் ஆதிகாலக் காடு அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரவியாபாரிகள் இந்தப் பகுதியின் வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி, ஓ சாபிள், மானிஸ்டீ ஆறுகளில் மிதக்கவிட்டு ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள். வெட்டிப் போட்ட கிளைகளும் சருகும் காய்ந்து கிடந்து தீப்பிடித்தன. பிறகு விவசாயம் செய்ய வந்தவர்களை மணற்பாங்கான மண் கைவிட்டது. வரி கட்ட முடியாமல் நிலத்தை விட்டுப் போனவர்கள் பலர். அப்படிக் கைவிடப்பட்ட நிலங்கள்தான் பெருமளவில் அரசின் வசம் வந்தன. ஹ்யூரான் பகுதி 1909இலும் மானிஸ்டீ பகுதி 1938இலும் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டன. 1945இல் இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இன்று நேர்க்கோட்டில் வரிசை வரிசையாக நிற்கும் சிவப்புப் பைன்களைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம், அவை கையால் நட்டவை.

நட்ட கைகளில் பல 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய குடிமக்கள் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவை. பொருளாதார மந்தத்தில் வேலையற்றுக் கிடந்த சுமார் 30 லட்சம் இளைஞர்களுக்கு 1942 வரை அந்தப் படை வேலை கொடுத்தது. அவர்கள் மரம் நட்டார்கள், பாதை வெட்டினார்கள், நாடு முழுவதும் முகாம்களைக் கட்டினார்கள்.

அதற்கும் முன்பே முகாம்கள் இருந்தன. ஓரிகான் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஈகிள் கிரீக் முகாம் 1916இல் திறக்கப்பட்டது. வனச் சேவை வசதிகளோடு அமைத்த முதல் முகாம் அது என்று சொல்வார்கள். கார்கள் பெருகப் பெருக மக்கள் காட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் வண்டியை ஓட்டிப் போய் நிறுத்திக் கூடாரம் அடித்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மக்கள் மிகவும் விரும்பி வந்த இடங்களில்தான் மரங்கள் பட்டுப்போயின. யாரும் அவற்றை வெட்டவில்லை. காரணத்தைச் சொன்னவர் எமிலியோ மைனெக்கி என்ற தாவர நோயியல் வல்லுநர். கார்ச் சக்கரமும் காலடியும் மண்ணை இறுக்கிவிடுகின்றன. இறுகிய மண்ணில் நீர் இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. முதலில் தரைச் செடிகள் போகும், பிறகு சிறு மரங்கள், கடைசியில் எந்த நிழலுக்காக மக்கள் வந்தார்களோ அந்தப் பெரிய மரமே சாகும்.

1932இல் அவர் முன்வைத்த தீர்வு எளிமையானது. வண்டி ஒரே திசையில் சுற்றி வெளியேறும் வளையப் பாதை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதையிலிருந்து பிரியும் ஒரு சிறு நிறுத்துமிடம், அதைத் தாண்டி வண்டி போகாதபடி பாறையோ மரத்துண்டோ. மேசைக்கும் அடுப்புக்கும் கூடாரத்துக்கும் மாறாத இடம். மிதிபடும் நிலம் மிதிபடட்டும், மற்ற நிலம் தப்பிக்கட்டும் என்பதே கணக்கு. இன்று அந்த நாட்டின் எந்த முகாமுக்குள் நுழைந்தாலும் காண்பது ஏறக்குறைய இந்த அமைப்பைத்தான். வழியில் கிடக்கும் அந்தப் பாறாங்கல்லை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு மரத்தின் வேரைக் காத்து நிற்கிறது.

முகாமுக்கு வந்து சேர்பவர் முதலில் வளையப் பாதையை ஒரு முறை சுற்றிப் பார்ப்பார். பிடித்த இடத்தின் எண்ணைக் குறித்துக்கொள்வார். நுழைவாயிலில் ஓர் அறிவிப்புப் பலகையும் உறைகளும் தடித்த இரும்புக் குழாய் ஒன்றும் இருக்கும். உறையில் பணத்தை வைத்து, விவரம் எழுதி, குழாயின் துளைக்குள் போட்டுவிட்டு, கிழித்த துண்டுச் சீட்டை எண் கட்டையில் மாட்ட வேண்டும். வாங்க ஆள் இல்லை, நம்பிக்கைதான். சில முகாம்களில் இப்போது இணையத்தில் முன்பதிவு உண்டு. ஒரே இடத்தில் தொடர்ந்து தங்குவதற்குப் பெரும்பாலும் 14 நாள்தான் வரம்பு. முகாமே வேண்டாம், காட்டுக்குள் தனியாகத் தங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்குப் பல வனங்களில் கட்டணமில்லாமல் அனுமதி உண்டு. ஆனால் மேசையும் பம்பும் கழிப்பறையும் அங்கே இருக்காது.

கூடாரம் அடிப்பதில் முதல் வேலை அண்ணாந்து பார்ப்பது. பட்டுப்போன மரமோ, ஒடிந்து மேலே சிக்கிக் கிடக்கும் கிளையோ இருந்தால் அந்த இடம் ஆகாது. காற்று இல்லாத இரவிலும் அப்படிப்பட்ட கிளை விழலாம். மரவெட்டிகள் அதற்கு வைத்த பெயர் ‘விதவையாக்கி’. அடுத்துத் தரை. மழை பெய்தால் நீர் எங்கே தேங்கும் என்று பார்த்து, சற்றே மேடான இடத்தைத் தேர வேண்டும். லேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அடிப்பகுதியைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து வழியும் மழைநீரை அது பிடித்து, படுத்திருப்பவரின் முதுகுக்கு அடியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். புதிதாக வருபவர்கள் நனைவதற்கு இந்தத் தவறும் ஒரு காரணம். மணல் தரையில் முளைகள் நிற்க அடம்பிடிக்கும். அகலமான நீள முளைகள் உதவும், கயிற்றைச் சாய்வாக இழுத்துக் கட்ட வேண்டும்.

காலையில் கூடாரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் மழை ஒழுகியது என்று பலர் நினைப்பார்கள். பல நேரம் அது அவர்களுடைய மூச்சுதான். தூங்குபவரின் மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. குளிருக்குப் பயந்து எல்லாக் காற்று வழிகளையும் அடைத்தால் நனைவது உறுதி. மேல் துணிக்கும் உள் துணிக்கும் இடையே காற்று ஓட வேண்டும். குளிரோ உண்மையானது: மையோ, கிரேலிங் ஊர்களைச் சுற்றிய பைன் சமவெளிகளில் ஜூன் மாதத்திலும் சில இரவுகள் உறைநிலையை ஒட்டி இறங்கும். அந்தக் குளிர் காற்றில் வருவதைவிடத் தரை வழியாக அதிகம் ஏறுகிறது. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கப் பஞ்சு உடல் எடையில் நசுங்கிப்போவதால் சூட்டைப் பிடித்து வைக்காது. அடியில் போடும் பாய்தான் காப்பாற்றும். நல்ல பாய் இல்லாத விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக் பாதிப் பயன்தான்.

நெருப்புக்கு வருவோம். முகாமின் உயிர் அதுதான், அபாயமும் அதுதான். இரும்பு வளையத்துக்கு வெளியே நெருப்பு மூட்டக் கூடாது. வறண்ட நாட்களில் வளையத்துக்குள் மூட்டவும் தடை வரும். காய்ந்த ஊசியிலை படர்ந்த மணல் மண்ணில் ஒரு கங்கு வேர்களுக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் நெடுநேரம் கனன்று, வேறோரிடத்தில் எழலாம். ஹ்யூரான் காட்டின் ஜாக் பைன் மரத்துக்கோ நெருப்பே வாழ்வு. அதன் காய்கள் பிசினால் ஒட்டி மூடியிருக்கும். தீயின் சூட்டில்தான் பெரும்பாலும் விரிந்து விதையைச் சிந்தும். அப்படி முளைத்த, 5 முதல் 20 வயது வரையுள்ள இளம் ஜாக் பைன்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில், தரையில் கூடு கட்டுகிறது கிர்ட்லாண்ட் வார்ப்ளர் என்ற மஞ்சள் வயிற்றுச் சிறு பறவை. காட்டுத் தீயை மனிதர்கள் முழுக்க அடக்கியபோது இளம் பைன் காடுகள் குறைந்தன, பறவையும் குறைந்தது. 1974இல் எண்ணியபோது பாடும் ஆண் பறவைகள் 167தான் இருந்தன.

அந்தப் பறவைக்கு வாழிடம் உண்டாக்க 1980 மே 5 அன்று மையோ அருகே வனத்துறையினர் திட்டமிட்டு மூட்டிய தீ கைமீறியது. மேக் ஏரித் தீ என்று அழைக்கப்படும் அது 24 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. 44 வீடுகள் போயின, தீயணைப்பில் ஈடுபட்ட ஓர் ஊழியர் உயிரிழந்தார். எரிந்த அந்த நிலத்தில் எழுந்த இளம் பைன்களைத் தேடிப் பின்னாளில் வார்ப்ளர்கள் திரளாக வந்தன. 2019இல் அந்தப் பறவை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தொழில் தெரிந்தவர்கள் கையிலிருந்தே தீ நழுவிய மண் இது என்பதை நினைத்தால் முகாம் விதியின் கண்டிப்பு புரியும்: தூங்கும் முன் நெருப்பில் தண்ணீரைத் தாராளமாக ஊற்று, குச்சியால் கிளறு, மீண்டும் ஊற்று, கடைசியில் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார். சூடு தெரிந்தால் அணையவில்லை.

விறகை வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்ற விதி பலருக்கு வியப்பூட்டும். 2002இல் டெட்ராய்ட் அருகே மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்தது. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, நீரும் சத்தும் போகும் வழியை அறுத்துவிடும். அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்தன. வண்டு தானாகச் சில கிலோமீட்டர்தான் பறக்கும். விறகுக் கட்டுக்குள் ஒளிந்து காரில் ஏறியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனது. ஆகவே எரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விறகு வாங்க வேண்டும், மீந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது.

அடிபம்பின் நீர் ஆழ்குழாயிலிருந்து வருவது, சோதிக்கப்படுவது. ஏரி, ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். ஒரு நிமிடம் கொதிக்க விட்டே குடிக்க வேண்டும். பாத்திரத்தைப் பம்படியில் கழுவக் கூடாது. அங்கே சிந்தும் சோற்றுப் பருக்கை எறும்பையும் எலியையும் அழைக்கும், பின்னால் ரக்கூன் வரும். ரக்கூனின் முன்கால் விரல்கள் டப்பா மூடியைத் திறக்கும் அளவுக்கு லாவகமானவை.

கருங்கரடியும் இந்தக் காட்டில் உண்டு. மனிதரைக் கண்டால் பொதுவாக விலகிப் போகும், ஆனால் மோப்பம் மிகக் கூர்மையானது. உணவு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, கூடாரத்துக்குள் மறந்துபோன ஒரு மிட்டாய் உறைகூட அதற்கு அழைப்புதான். எல்லாவற்றையும் இரவில் காரின் பின்பெட்டியில் பூட்ட வேண்டும். கார் இல்லாதவர்கள் ஒரு பையில் போட்டு, தரையிலிருந்து 10 அடிக்கு மேலும், அடிமரத்திலிருந்து 4 அடி தள்ளியும் கிளையில் தொங்கவிடுவார்கள். மனிதரின் உணவுக்கு ஒரு முறை பழகிய கரடி மீண்டும் மீண்டும் வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வரும். அந்தச் சாவுக்குக் காரணம் மேசை மேல் விட்டுப்போன ரொட்டிதான்.

கழிப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் பொறியியல் இருக்கிறது. தண்ணீர் இல்லாத, அடியில் தொட்டி உள்ள கழிப்பறை நாறாமல் இருக்க வனச் சேவையின் பொறியாளர்கள் வழி கண்டார்கள். கூரைக்கு மேலே உயரும் தடித்த கறுப்புக் குழாய் தொட்டியோடு இணைந்திருக்கும். வெயிலில் குழாய் சூடேறி, உள்ளே உள்ள காற்று மேலெழும். அதை ஈடுசெய்ய அறையின் காற்று இருக்கையின் துளை வழியாகக் கீழே இழுக்கப்படும். நாற்றம் அறைக்குள் வராமல் குழாய் வழியாக வெளியே போய்விடும். மூடியைச் சரியாக மூடி, கதவைச் சாத்தி, குப்பையைத் தொட்டிக்குள் போடாமல் இருந்தால் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும்.

ஜூன் இறுதியில் இங்கே இரவு 9 மணிக்குப் பிறகே சூரியன் மறையும். கொசு மொய்ப்பதும் அந்த நேரத்தில்தான். பகலில் புல்வெளியில் நடந்தவர்கள் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமுடி எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெரும்பாலான முகாம்களில் அமைதி நேரம். ஜெனரேட்டர் ஓடாது, பாட்டு கேட்காது. அப்போது விப்-புவர்-வில் என்ற இரவுப் பறவை தன் பெயரையே இடைவிடாமல் சொல்லிக் கத்தும். ஏரிப் பக்கமிருந்து லூன் நீர்ப்பறவையின் நீண்ட குரல் வரும். பெரிய ஊர்கள் தொலைவில் இருப்பதால் நிலவில்லாத இரவுகளில் பால்வீதி தெளிவாகத் தெரியும்.

கிளம்பும் நாளில் கூடாரத்தை உதறிக் காயவைத்து மடிக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்து, வளையத்துக்குள் கிடக்கும் அலுமினியத் தாளைப் பொறுக்கி, முளைகளை எண்ணிப் பைக்குள் போட்டு, எண் கட்டையிலிருந்து சீட்டை எடுத்துவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குத் தயார். இலையுதிர் காலம் முடியும்போது பல முகாம்களில் தண்ணீரை நிறுத்தி வாயிலைப் பூட்டுவார்கள். பனி உருகி வசந்தம் வரும்வரை மேசைகள் காலியாக நிற்கும்.