வேப்பமரத்தடியில் என்ன நடலாம்?

எங்கள் பள்ளியின் வடக்குப் பக்கத்தில் நான்கு வேப்ப மரங்களும் ஒரு புங்க மரமும் நிற்கின்றன. அவற்றின் அடியில் தோட்டம் போட மூன்று ஆண்டுகள் முயன்று மூன்று முறையும் தோற்றோம். ரோஜா, செம்பருத்தி, சாமந்தி என நர்சரியில் கண்ணைக் கவர்ந்ததையெல்லாம் வாங்கி வந்து நட்டோம். வெயில் போதாமல் செம்பருத்தி நெடுநெடுவென நீண்டதே தவிர, பூக்கவில்லை. பிழைத்தவையும் மே மாத விடுமுறையில் தண்ணீரின்றிக் காய்ந்தன. ஜூனில் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பெயர்ச்சீட்டு கட்டிய காய்ந்த குச்சியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அந்த ஆண்டு தோட்டக் குழுவில் சேர யாரும் பெயர் கொடுக்கவில்லை.

தவறு செடியைத் தேர்ந்தெடுத்த என்னுடையது. மரத்தடி என்பது ஒரு சின்னக் காட்டுத் தரை. நம் இலையுதிர் காடுகளின் தரையில் வாழும் பல செடிகள், கோடை வந்தால் இலையைக் கருகவிட்டு மண்ணுக்கடியில் கிழங்காகப் படுத்துக்கொள்ளும். மழை பெய்ததும் துளிர்க்கும். பள்ளிக்கு விடுமுறை விடும்போது இவையும் விடுமுறையில்தான் இருக்கும். மே மாதத்தில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்வியே இவற்றுக்கு இல்லை.

இந்த வகையில் நான் முதலில் சொல்வது கச்சோலம். இரண்டு மூன்று அகன்ற இலைகள் தட்டுப்போல் தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். மழைக்காலத்தில் நடுவிலிருந்து ஊதாப் புள்ளியுடன் வெள்ளைப் பூ ஒன்று எழும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். அதனால் காலையில் வந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கப் பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கிறது. கிழங்கைக் கிள்ளினால் கமகமவென மணக்கும். இதன் குடும்பத்தைச் சேர்ந்த கஸ்தூரி மஞ்சளும் நிழலைத் தாங்கும். நிலப்பனை இன்னும் எளியது. பனங்கன்று போன்ற இலை, தரைமட்டத்தில் நட்சத்திரம் போன்ற மஞ்சள் பூ. தண்டின் மாற்றுருக்களைப் படத்தில் காட்டுவதைவிட, கச்சோலக் கிழங்கு ஒன்றைத் தோண்டிக் கணுவையும் மொட்டையும் காட்டினால் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மரத்தின் வேர்கள் நீரையெல்லாம் உறிஞ்சிவிடும் வறண்ட மூலைக்கு மருள் போதும். பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறக்கும் செடி அது. குடிநீர்க் குழாயடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் நிழலுக்குத் திப்பிலியும் வல்லாரையும். திப்பிலியில் ஆண்கொடி, பெண்கொடி தனித்தனி; காய் வேண்டுமென்றால் பெண்கொடியிலிருந்து துண்டு வாங்க வேண்டும்.

பள்ளியில் வைக்கக் கூடாதவையும் உண்டு. நமது மாநில மலர் என்பதால் செங்காந்தளை நடலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் ஆசைப்பட்டார். அதன் கிழங்கு உயிரைப் பறிக்கும் நஞ்சு. கச்சோலத்தைத் தோண்டி முகர்ந்து பழகிய பிள்ளையின் கை அதையும் தோண்டும். நிழலுக்கென்று நர்சரிகளில் விற்கும் புள்ளியிலை டைஃபென்பாக்கியாவும் வேண்டாம். கடித்தால் நாக்கு வீங்கிவிடும்.

நடுமுன் ஒரு நாள் நிழலைப் பாருங்கள். காலை ஒன்பது, நண்பகல் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்கு நிழலின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னால், எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதைப் பிள்ளைகளே வரைந்து தருவார்கள். குழியை வேர்களுக்கு இடையில் வெட்டுங்கள். பெரிய வேரை வெட்டாதீர்கள், அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிக்காதீர்கள். உதிர்ந்த வேப்பிலையைக் கொளுத்தாமல் செடியைச் சுற்றிப் பரப்பினால் அதுவே ஈரம் காக்கும். மொட்டுள்ள கிழங்குத் துண்டை இரண்டு அங்குல ஆழத்தில், ஜூன் அல்லது ஜூலையில் ஊன்றலாம். நாட்டு மருந்துக் கடைக் கிழங்கு காய்ந்தது, முளைக்காது. காட்டில் போய்த் தோண்டவும் கூடாது. மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே நிலப்பனை குறைந்து வருகிறது. மூலிகைப் பண்ணைகளில் கேளுங்கள், அல்லது பிள்ளைகளின் பாட்டிமார்களிடம் சொல்லி அனுப்புங்கள். எங்களுக்கு முதல் கச்சோலம் ஒரு பாட்டியின் கொல்லையிலிருந்துதான் வந்தது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஜனவரியில் இலைகள் மஞ்சளாகி மறையத் தொடங்கும்போதே அந்த இடத்தில் பெயர்ப்பலகை நட்டுவிடுங்கள். முதல் ஆண்டு நாங்கள் அதைச் செய்யவில்லை. குப்பைக்குழி வெட்ட இடம் தேடியபோது ஒன்றுமில்லாத வெற்றுத்தரை என்று நினைத்து, கச்சோலம் உறங்கிய இடத்தில்தான் கடப்பாரையைப் போட்டோம்.