ஜெலுத்தோங் காற்றும் பழைய காரின் தகடும்

வீட்டு வாசலில் ஒரு மோரிஸ் மைனரையோ முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவையோ நிறுத்திக்கொண்டு, அதன் உடலை நாமே சரிசெய்யலாமா என்று யோசிப்பவர்கள் பினாங்கின் ஜெலுத்தோங்கில் முதலில் பார்க்க வேண்டியது காற்றைத்தான். கிழக்கே கையெட்டும் தூரத்தில் கடல். பினாங்கில் ஆண்டு மழை சராசரியாக 2,400 மில்லிமீட்டரைத் தாண்டும். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்ஸிஜனும் போதும். அதில் உப்பும் சேர்ந்தால் துரு பல மடங்கு வேகமாக ஏறும். காலையில் பளபளவென்று சுரண்டி வைத்த தகட்டில் மறுநாள் மஞ்சள் படர்ந்திருக்கும். அதனால் கார் முழுவதையும் சுரண்டிப் போட்டுவிட்டு ஆற அமர வேலை பார்ப்பது இங்கே சரிவராது. ஒரு நாளில் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவை மட்டும் அன்று திறப்பதுதான் வழி.

மைனர் 1948-இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைப்பு அலெக் இசிகோனிஸ். சாகா 1985-இல் வந்தது. அதே ஆண்டு பினாங்குப் பாலத்தைத் திறந்து வைத்தபோது அன்றைய பிரதமர் மகாதீர் ஓட்டிச் சென்றதும் சாகாதான். அந்த வயதுக் கார்களே இப்போது பழங்கார்களாகிவிட்டன. இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: லாரியைப் போல் தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த உடல் அல்ல, தகட்டு உடலேதான் பாரம் தாங்குகிறது. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டி வடிவப் பகுதியைப் பட்டறையில் ‘சில்’ என்பார்கள். அது அரித்துப்போனால் அழகு மட்டும் போகவில்லை, காரின் முதுகெலும்பே போகிறது.

சோதிக்கக் காசு செலவில்லை. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடி ஓரத்திலும் சக்கர வளைவிலும் சில்லிலும் மெதுவாக நகர்த்துங்கள். பிடி தளர்ந்து நழுவும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் புட்டி. அடுத்து காருக்குக் கீழே போய், ஸ்க்ரூடிரைவரால் பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களை அழுத்திப் பாருங்கள். மைனரில் அதிகம் அரிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. வெளியே வெள்ளிக்காசு அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. ஸ்டாண்டு கட்டாயம்.

அரித்த சில்லை வெட்டுமுன் கதவு இடைவெளியின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் நடுவில் உடல் தொய்ந்துவிடும், பிறகு கதவு சாத்தாது. ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்கவும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டிப்போட்டால், அளவு எடுத்துப் பார்க்கக்கூட நேரான பக்கம் எதுவும் மிஞ்சாது.

வெல்டிங்கில் பலர் தடுமாறுவது சூட்டில்தான். வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தை ஒட்டியே இருக்கும். ஒரே இழுப்பில் கோடு போட்டால் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, தகடு அலை அலையாக நெளிந்துவிடும். அப்புறம் அதை எத்தனை தட்டினாலும் பழைய வளைவு வராது. ஒரு நொடிப் பொட்டு வையுங்கள். அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி, அடுத்தது எதிர் முனையில். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு இடையில் ஒன்று. இப்படிப் பொட்டுகள் தானாகச் சேரும்வரை பொறுமையாக நிரப்ப வேண்டும். மிக் வெல்டரில் 0.6 மில்லிமீட்டர் கம்பி இந்த வேலைக்கு ஏற்றது. தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் தொட்டியை இறக்கி வெளியே வையுங்கள், அருகில் தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் இருக்கட்டும். தகட்டின் மறுபக்கத்துக் கம்பளமும் ரப்பரும் கண்ணுக்குத் தெரியாமல் புகையத் தொடங்கும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரமாகத் தேய்ப்பது நல்லது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயமே. தேய்த்ததும் துடைத்து, நன்றாக உலரவைத்து, அன்றைக்கே எப்பாக்சி பிரைமர் பூசுங்கள். புட்டி அதன் மேல்தான் வர வேண்டும். வெறுந்தகட்டில் நேராகப் புட்டி அப்புவது பல இடங்களில் நடக்கிறது. புட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அடியிலேயே துரு தொடங்கிவிடும். ஓட்டையைப் புட்டியால் அடைப்பதோ காரின் அடுத்த சொந்தக்காரரை ஏமாற்றுவது.

கடைசிப் பெயின்டை வீட்டில் அடிக்க வேண்டாம் என்பேன். இப்போது பரவலாக உள்ள டூ-கே பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவும் ஆகாது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. ஜெலுத்தோங்கின் வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுச் சமையலறை ஒரு சுவருக்கு அப்பால்தானே! அந்த ஒரு வேலைக்கு ஸ்பிரே அறை உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். பிரைமர் வரையிலான வேலைக்கு தைப்பூசத்தை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரி மாதங்களே தோது; இங்கே மழை குறைவான காலம் அதுதான்.

நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில், அதாவது ஜேபிஜேயில், பதிவு செய்ய வேண்டும். சேசிஸ் எண் அடித்த தகட்டில் கிரைண்டர் படவே கூடாது. அந்தப் பகுதியே அரித்திருந்தால் வெட்டுவதற்கு முன்பே ஜேபிஜேயில் கேட்டுவிடுங்கள்.

வண்டி பெயின்டாகித் திரும்பியதும் மிச்சமிருப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் நீளக் குழாய் விட்டு மெழுகு பாய்ச்சுங்கள். புது வெல்டின் உட்புறம் சூட்டில் வெறுந்தகடாக நிற்கும், அங்கே பிரைமர் எட்டாது. பிறகு அடியிலுள்ள வடிகால் துளைகளில் கம்பி விட்டு, மெழுகும் பெயின்டும் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்கு முன் ஆண்டுதோறும் இதை ஒருமுறை பாருங்கள்.