எழுந்து இடமளித்தல்



கண்டி நகரிலிருந்து கலஹாவுக்குச் செல்லும் பஸ் வண்டி பேராதனையை அடைந்து, கலஹா சந்தியிலே திரும்பி, பல்கலைக்கழகப் பூங்காவை ஊடறுத்து, ஹிந்தகலையைத் தாண்டி மலையேறுகின்றது. கலஹாவுக்கு அப்பால் தெல்தோட்டை. அதன் அயலிலே, 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம். பல்கலைக்கழக மாணவர், சிங்களக் கிராமத்தவர், தெல்தோட்டை முஸ்லிம் மக்கள், பௌத்த பிக்குமார், தோட்டத் தொழிலாளர் ஆகிய அனைவரையும் ஒரு கூரையின் கீழ்ச் சேர்த்துவைக்கும் இடம் இப்பாதையில் வேறெதுவும் இல்லை. ஏறுவோரோ பலர்; ஆசனங்களோ சில. யார் அமர்வது, யார் நிற்பது என்னும் வினா ஒவ்வொரு தரிப்பிடத்திலும் புதிதாக எழுகின்றது.

இஃது அற்ப விஷயம் என்று சிலர் கருதலாம். சமவெளியிலே நின்று பிரயாணஞ் செய்வது களைப்பைத் தரும். மலைப்பாதையிலோ அது அபாயத்தைத் தரும். வண்டி வளைவில் திரும்பும்போது நிற்பவரின் உடல், தான் சென்ற நேர்த்திசையிலேயே தொடர்ந்து செல்ல முனைகின்றது. கால்கள் மாத்திரமே வண்டியோடு திரும்புகின்றன. அமர்ந்திருப்பவருக்கு உடற்பாரம் தாழ்ந்தும் அகன்றும் தங்குகின்றது. நிற்பவருக்கு இரண்டு பாதங்களின் அளவே ஆதாரம். கர்ப்பிணிக்கு வயிறு முன்தள்ளுவதால் உடலின் சமநிலை மாறிவிடுகின்றது. மூட்டுக்களைப் பிணைக்கும் நார்களும் தளர்ந்திருக்கின்றன. முதியவருக்குக் கம்பியைப் பற்றவேண்டும் என்ற எண்ணம் எழுந்து கை நீள்வதற்குள் வளைவு கடந்துவிடுகின்றது. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்களிற் பலர் மீண்டும் முன்போல நடமாடுவதில்லை என்பதை மருத்துவர் எவரும் கூறுவர். ஆகவே கலஹாப் பாதையிலே ஓர் ஆசனம் என்பது வசதிப் பொருள் மட்டுமன்று.

1958ஆம் ஆண்டு சனவரி 1ஆம் திகதி பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு வண்டிகள் ஓடத் தொடங்கின. 1979 முதல் தனியார் வண்டிகளும் சேர்ந்துகொண்டன. இரண்டிலுமே முன்புற ஆசனங்கள் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். கர்ப்பிணித் தாய்மாருக்கும் அங்கக் குறைபாடுடையோருக்கும் ஒதுக்கிய ஆசனங்களும் உள்ளன. பிக்கு ஒருவர் அமர்ந்திருக்கும் ஆசனத்திலே பெண்கள் உடன் அமர்வதில்லை என்பது நம் நாட்டு மரபு. இதனால் நெரிசல் மிகுந்த வண்டியிலும் அவர் அருகே ஓரிடம் வெறுமையாகக் கிடக்க, கைக்குழந்தையுடன் ஒருத்தி நின்று தள்ளாடுவதுண்டு. பின்னே அமர்ந்திருக்கும் ஆடவர் ஒருவர் எழுந்து பிக்குவின் அருகே சென்று அமர்ந்தால், மரபும் பழுதுறாது. தாய்க்கும் இடம் கிடைக்கும். இந்த எளிய உபாயத்தை விவேகமுள்ள நடத்துநர்கள் சிலர் அறிந்து வைத்திருக்கிறார்கள். பிரயாணிகள் ஏனோ அதிகம் அறிந்திலர்!

குருமாருக்கு இடமளிப்பது பக்தியால் நிகழ்வது. அது நன்றே. ஆனால் பதவிக்கும் உடைக்கும் இடமளிக்கும் பழக்கமொன்றும் நம்மிடையே உண்டு. வெள்ளை வேட்டியோ காற்சட்டையோ அணிந்த திடகாத்திரமான உத்தியோகத்தர் ஏறியதும், தோட்டத்து முதியவர் ஒருவர் பதறி எழுகின்றார். துரை வரும் வழியில் தலைப்பாகையை அவிழ்த்து ஒதுங்கி நின்ற காலத்தின் எச்சம் அது. துரைமார் கப்பலேறிய பின்னரும் அந்த அச்சம் முழங்கால்களிலே தங்கிவிட்டது. அவ்வாறு எழுபவரைக் கையமர்த்தி மீண்டும் இருத்துவதே உத்தியோகத்தருக்கு அழகு. அதிபர் என்ற முறையில் எனக்கும் இவ்வாறு எழுந்து இடந்தர முன்வருவோர் உளர். என் கால்கள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன!

அச்சத்தால் எழுவதற்கும் அன்பால் எழுவதற்கும் உள்ள வேற்றுமையை உலகம் ஒரு பஸ் வண்டியிலேதான் கண்டது. அமெரிக்காவின் மொன்ற்கொமரி நகரில், வெள்ளையர் ஒருவருக்கு இடமளிக்குமாறு சாரதி பணித்தபோது, ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி எழ மறுத்தார். அது 1955 டிசம்பர் 1ஆம் திகதி. அவர் கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்து அந்நகரக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாது நடந்தும், கிடைத்த வாகனங்களில் நெருங்கியமர்ந்தும் வேலைக்குச் சென்றனர். முடிவில் அமெரிக்க உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பஸ்ஸில் நிலவிய நிறப் பிரிவினை ஒழிந்தது. பிறப்பை அளவாகக் கொண்டு ஆசனம் கேட்கப்படுமாயின் எழாதிருப்பதே அங்கு நேர்மையாயிற்று.

அப்படியாயின் எதனை அளவாகக் கொள்வது? தேவையை. ஆனால் தேவையுடையவர் வாய்திறந்து கேட்பதில்லை; இங்கேதான் சிக்கல். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தாற்றான் முழுப்பெயர் விழும். அவ்வளவையும் மலைச்சரிவிலே நின்றபடி பறித்த ஒருத்தி, மாதம் நிறைந்த வயிற்றோடு பேராதனை வைத்தியசாலைக்குச் சென்று திரும்பும்போதும் கம்பியைப் பற்றிக்கொண்டு மௌனமாகவே நிற்பாள். கேட்பது கடினம் என்பது அவளுக்கு மாத்திரம் உரியதன்று. 1970களில் உளவியலறிஞர் ஸ்ரான்லி மில்கிறம் நியூயோர்க் நகரில் தம் மாணவரை அனுப்பி, சுரங்க ரயிலில் அமர்ந்திருப்போரிடம் காரணம் எதுவும் கூறாது ஆசனத்தைத் தருமாறு கேட்கச் செய்தார். நூற்றுக்கு 68 பேர் எழுந்தோ ஒதுங்கியோ இடந்தந்தனர்! வியப்பு அதுவன்று. படித்த அந்த இளைஞர்களுக்கே கேட்பதற்கு நாவெழவில்லை. கேட்கப் போன மில்கிறமுக்கும் சொற்கள் தொண்டையிலே சிக்கிக்கொண்டன. ஆகவே நிற்பவர் கேட்கட்டும் என்று காத்திருப்பது நியாயமாகாது. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஏறுவோரை ஒருமுறை தலைநிமிர்ந்து பார்க்கவேண்டியவர் அமர்ந்திருப்பவரே. இந்நாளிலே கைத்தொலைபேசியிற் கண்பதித்தவர்களுக்கும், ஜன்னலோரத்தில் திடீரென உறங்கிவிடுபவர்களுக்கும் இது சற்றுச் சிரமம்.

அறிவிப்புப் பலகைகள் இதனைச் செய்துமுடிக்கும் என எண்ணுவதற்கில்லை. யப்பானிலே 1973இல் முதியோர் தினத்தன்று முதியோருக்கென ரயிலில் தனி ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. ஏனைய ஆசனங்களில் இருப்போர் தமக்குக் கடமையில்லை எனக் கருதலாயினர். ஹன்கியூ என்னும் ரயில் நிறுவனம் 1999இல் எல்லா ஆசனங்களும் தேவையுடையோருக்கே முன்னுரிமை என அறிவித்தது. எல்லாருக்கும் உரிய கடமை ஒருவருக்கும் உரியதல்லாததாகிவிட, 2007இல் பழையபடி தனி ஆசனங்களுக்கே திரும்பிற்று.

இடமளிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். "இந்தா, உட்கார்" என்று ஒருமையிலே தரப்படும் ஆசனம் பிச்சையாகிவிடும். தோட்டத்துப் பெண்ணைப் பிறர் ஒருமையில் அழைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதாலேயே இதனை அழுத்திக் கூறுகிறேன். "அம்மா, இங்கே இருங்கள்" என்று கூறுங்கள். சிங்களத் தாயாயின் "அம்மே, வாடிவென்ன" என்னலாம். மலைநாட்டுக்குப் புதிதாக வந்த தமிழர் அச்சொல்லின் முற்பாதியைக் கேட்டுத் திடுக்கிடக்கூடும். முழுவதையும் கேட்டால் அமருங்கள் என்பதே பொருள். கூறியபின் வழிமறித்து நில்லாது விலகி நிற்கவேண்டும். அழைக்கப்பட்டவரும் வீண் உபசாரம் பேசி மறுக்காது அமர்வதே முறை; இருவரும் வாதாடும் வேளையிலே வளைவு வந்துவிடும்.

எழமுடியாத நிலையில் உள்ளவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நிற்பவரின் பையையோ குழந்தையையோ வாங்கி மடியில் வைத்துக்கொள்வது இந்நாட்டு பஸ்களிலே நெடுநாளாக உள்ள நல்வழக்கம். மொழி தெரியாத ஒருவரின் மடியில் தம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, இரு கைகளாலும் கம்பியைப் பற்றி நிற்கும் தாய்மாரைக் கலஹா வண்டியில் நாள்தோறும் காணலாம்.

மாணவரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வயதில் இளையவர் என்ற ஒரே காரணத்தால் பத்து வயதுப் பிள்ளையை அதட்டி எழுப்பி, அவ்விடத்தில் உடல்வலியுள்ள பெரியவர்கள் அமர்கின்றனர். அப்பிள்ளை விடியலிலே தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி நடந்து வந்திருக்கும். முதுகிலே புத்தகச் சுமை. மேற்கம்பியோ அதன் கைக்கு எட்டாது. வளைவிலே அது பற்றிக்கொள்வதற்கு அருகில் நிற்பவரின் சட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. அத்தகைய பிள்ளை அமர்ந்திருக்குமாயின் இருக்கவிடுங்கள். நின்றுகொண்டிருக்குமாயின், முதலில் அந்தப் புத்தகப் பையையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.